எண்ணெய் சுரந்த கார்

"இஞ்சை ஒருக்கா வாரும். கெதியா வாரும்."

அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் இவர் கூப்பிடுகிறார் என்றால் ஒன்று பாம்பாக இருக்க வேண்டும், அல்லது காராக இருக்க வேண்டும். பாம்பென்றால் குரலில் இவ்வளவு சந்தோசம் இருக்காது என்று நினைத்தபடி கார்க் கொட்டிலுக்குப் போனேன்.

என் கணவர் எங்கள் பழைய ஏ-ஃபோர்ட்டிக் காரின் பொனற்றைத் திறந்துவிட்டு, எண்ணெய் அளக்கும் கம்பியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றார். திருநீற்றுத் தட்டைக்கூட அவர் அவ்வளவு பக்தியாக ஏந்தி நான் கண்டதில்லை.

"முந்தநாள் இந்தக் கோட்டிலை நிண்டது. இண்டைக்குப் பாரும், எங்கை நிக்குது எண்டு."

"ஆர் எண்ணெய் விட்டது?"

"ஒருத்தரும் விடேல்லை. தானா ஏறுது."

நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். ஒரு பாத்திரத்தில் எதையும் ஊற்றாமல் அளவு கூடுகிற கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. காரை ஓட ஓட இஞ்சின் எண்ணெய் குறையும், அதுதான் உலக வழக்கம். ஆனால் புட்டு கருகுகிற மணம் வந்துவிட்டது. "நல்லது" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அன்றைக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் பின்னால் நடந்த கூத்தெல்லாம் நடந்திராது.

சீதனத்தில் வந்தவை

அந்தக் கார் எனக்குச் சீதனமாக வந்தது. உடுவிலில் வீடு, பத்துப் பரப்புத் தோட்டக் காணி, கார், கடைசியாக நான். இவர் எங்களைப் பொறுப்பெடுத்த ஒழுங்கும் அதுதான். காரில் ஒரு கீறல் விழுந்தால் இவருக்குத் தெரியும். நான் மூக்குத்தி மாற்றியது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

(இந்தத் தொடரில் கணவரைக் கொஞ்சம் கூடுதலாகக் குறை சொல்கிறேன் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடிதத்தை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். "ஞாயமான மனிசன்" என்றார்.)

நான் சொல்வது போர்க்காலம், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வருவதில்லை. பற்றரி வருவதில்லை. சவுக்காரம்கூட வருவதில்லை. புதுக் கார்களெல்லாம் கோழி அடைகாக்கும் இடமாகிவிட்டன. பழைய கார்கள் மட்டும் மண்ணெண்ணெயில் ஓடின. புது இஞ்சின் மண்ணெண்ணெயைத் துப்பிவிடும். எங்கள் காரைப் போன்ற கிழட்டு இஞ்சின்தான் கொடுத்ததைக் குடிக்கும்.

காலையில் இவர் மருந்துக் குப்பியில் பத்திரப்படுத்தியிருந்த கொஞ்சப் பெற்றோலை ஊசிக் குழாயால் இழுத்துக் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விடுவார். இஞ்சின் இருமி, தும்மி, நடுங்கி எழும்பும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை கிணற்றடி வரை போகும். கொடியில் காய்ந்த சேலையெல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும். நான் வகுப்புக்குள் போனால் பிள்ளைகள் தலை நிமிர்த்தாமலே "ரீச்சர் வந்திட்டா" என்பார்கள்.

மண்ணெண்ணெயாவது பங்கீட்டு முத்திரைக்குக் கிடைத்தது. இஞ்சின் எண்ணெய் அறவே இல்லை. இந்தக் கார்களுக்கு முந்தி விட்ட தடித்த எண்ணெய், தேன்போல் இழுபட்டு விழுவது, கடைகளில் பேர்கூட இல்லாமல் போய்விட்டது. ஊரெல்லாம் எண்ணெய்க்கு அலையும்போது எங்கள் கொட்டிலில் எண்ணெய் தானாக ஏறுகிறது. இவரைக் கையில் பிடிக்க முடியுமா?

தானம்

முதலில் அடுத்த வீட்டு மனோன்மணி அக்காவுக்குத்தான் கொடுத்தார், தையல் மெசினுக்கு. காரின் அடியில் படுத்து, எண்ணெய் கழிக்கும் கீழ்ப் பூட்டைத் தளர்த்தி, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பிடித்துக் கொடுத்தார். அது போய் ஊரில் பரவியது. சைக்கிள் சங்கிலிக்கு ஒருவர் வந்தார். கிணற்றுக் கப்பிக்கு ஒருவர் வந்தார். கதவுப் பிணைச்சல் கத்துகிறது என்று ஒருவர் அரை மைல், எங்கள் கணக்கில் அரைக் கட்டை, நடந்து வந்தார்.

"எவ்வளவு எடுத்தாலும் குறையாதோ அண்ணை?"

"குறையாது. இப்ப எடுத்தது வெள்ளிக்கிழமைக்கிடையிலை ஊறிவிடும்."

ஒரு வெள்ளிக்கிழமை பொனற்றில் யாரோ மூன்று குறி திருநீறு பூசி, ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இவர் அதைத் துடைக்கவில்லை. தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தியபோது கிடைக்காத மரியாதை அது. எனக்கு விளங்கியது. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு விசயம் மட்டும் உறுத்தியது. காருக்குள் எண்ணெயின் அமுக்கத்தைக் காட்டும் ஒரு முள்ளு உண்டு. முந்தியெல்லாம் நிமிர்ந்து நிற்கும். இப்போது படுத்தே கிடந்தது.

"உந்த முள்ளு ஏன் விழுந்து கிடக்கு?"

"முள்ளு பழுது. காருக்கு ஒண்டுமில்லை."

குணத்தின் கலியாணம்

அந்த நேரம்தான் என் தம்பி குணத்துக்குக் கொடிகாமத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. குணத்துக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை. அதிகம் கதைக்க மாட்டான். ஏற்கெனவே மூன்று சம்பந்தம் பேசி மூன்றும் தட்டுப்பட்டுப் போனது. மூன்றாவது போன அன்று, "இனி எனக்குப் பேசாதேங்கோ அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். அன்றைக்கு நான் அடுப்படியில் இருந்து அழுதேன்.

இந்த நாலாவது சரிவந்தது. பெண் இந்திராணி, முப்பத்து மூன்று வயது. தகப்பன் இல்லை. பெரியப்பாதான் எல்லாம். அவர் சீதனத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மாப்பிள்ளை காரிலை வரவேணும். மூத்தவளின்ரை மாப்பிள்ளை சைக்கிள் கரியரிலை வந்து பந்தலடியிலை விழுந்தவர். ஊர் இன்னும் சிரிக்குது. இந்தப் பிள்ளைக்கும் உப்பிடி எண்டால் எனக்குக் கலியாணமே வேண்டாம்."

தமாசுக்குச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். மாப்பிள்ளைகள் உழவு இயந்திரப் பெட்டியில் போய் இறங்கிய காலத்தில் அப்படி ஒரு நிபந்தனை. என் கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "எங்கடை கார் சாதாரணக் கார் இல்லை" என்றார். குணம் என்னைப் பார்த்தான். கார் ஓடாவிட்டால் இதுவும் போய்விடும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

விளக்கு

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் மனோன்மணி அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்கடை எண்ணெயிலை இன்னும் ஒரு சிரட்டை தாருமன்."

"மெசினுக்கு அவ்வளவு எண்ணெய் விடுறியளோ அக்கா?"

"மெசினுக்கில்லை. ஜாம் போத்தல் விளக்குக்கு. பத்தாக்குறைக்கு ஒருக்கா விட்டுப் பாத்தன். கொஞ்சம் கரிப் புகைதான். ஆனா சோக்கா எரியுது."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இஞ்சின் எண்ணெய் ஜாம் போத்தல் விளக்கில் சோக்காக எரியாது. எரிவது மண்ணெண்ணெய்.

அன்று பின்னேரமே குருநகர் யோசப் அண்ணைக்கு ஆள் அனுப்பினேன். அவர் வள்ளங்களின் இஞ்சின் திருத்தியவர். கடற்றொழில் படுத்த பிறகு சைக்கிளில் வீடுவீடாகப் போய்க் கார்கள் பார்த்தார். வந்தவர் கம்பியை இழுத்தார், மணந்தார், இரண்டு விரல்களுக்கிடையில் உரசிப் பார்த்தார்.

"ரீச்சர், இது எண்ணெய் சுரக்கிறதில்லை. வயித்திலை தண்ணி கட்டுறது."

யோசப் அண்ணை என்னைப் பார்த்தே விளக்கினார். மண்ணெண்ணெய் முழுக்க எரிவதில்லை. எரியாத மிச்சம் தேய்ந்த பிஸ்ரன் இடுக்கால் கீழே வடிந்து எண்ணெயோடு கலக்கிறது. அளவு ஏறும், தடிப்பு இறங்கும். கடைசியில் இரும்போடு இரும்பு உரசி இஞ்சின் இறுகிவிடும்.

"அப்ப அந்த முள்ளு?" என்றேன்.

"இந்த வீட்டிலை உண்மை சொன்னது அது ஒண்டுதான்."

இவர் அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் ஒருவர் சிரட்டையோடு வந்தபோது, "ஊற்று வத்திப் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மஞ்சளும் கறுப்பும்

இனி என்ன எண்ணெய் விடுவது? இரண்டு வழி இருந்தது.

ஒன்று, இவரின் தமக்கை, என் மச்சாள், கொழும்பிலிருந்து கலியாணத்துக்கு வரும்போது கொண்டுவந்தது. புது எண்ணெய். நல்லெண்ணெய்ப் போத்தல்களில் ஊற்றி ஆறு போத்தல். சோதனைச் சாவடியில் கேட்டபோது முழங்கால் நோவுக்குப் பூசுகிற எண்ணெய் என்றாராம். பூசிக் காட்டச் சொன்னார்களாம். மச்சாள் அங்கேயே குந்தியிருந்து இரண்டு முழங்காலுக்கும் தேய்த்திருக்கிறார்.

"அண்டு துவக்கம் நோ குறைவு" என்றார் மச்சாள். இன்றுவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

போத்தலை வெயிலில் பிடித்தால் எண்ணெய் பொன்னாக மின்னியது. இவர் ஆறு போத்தலையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மற்றது யோசப் அண்ணையின் எண்ணெய். லொறிகளிலிருந்து கழித்த பழைய தடித்த எண்ணெயைக் காய்ச்சி, பானையில் ஒரு மாதம் அடைய விட்டு, கம்பளித் துணியால் மூன்று தரம் வடித்தது. தார்போலக் கறுப்பு. மணமும் அப்படித்தான்.

"என்ரை காருக்குக் கழிவெண்ணெயோ?" என்றார் இவர்.

யோசப் அண்ணை பொறுமையான மனிதர். "அண்ணை, உது புதுக் காருக்குச் செய்த எண்ணெய். அதுகளின்ரை இடுக்கு மயிரளவு. உங்கடை இஞ்சினிலை இடுக்கெல்லாம் விரிஞ்சு கிடக்கு. இந்த மெல்லிய எண்ணெய் நிக்காது, ஒழுகிப் போடும். போதாக்குறைக்கு உள்ளுக்கை நாப்பது வருச ஊத்தை ஒட்டிக் கிடக்கு. உது அதைக் கழுவி எடுத்து எண்ணெய் போற ஓட்டையை அடைச்சுப் போடும். கிழட்டு இஞ்சினுக்குத் தடிச்ச எண்ணெய்தான். நிறத்தைப் பாக்காதேங்கோ."

நான் கறுப்பு என்றேன். குணமும் தலையாட்டினான். யோசப் அண்ணை பழையதைக் கழித்துக் கறுப்பை விட்டார். இஞ்சினை இயக்கினார். படுத்துக் கிடந்த முள்ளு எழும்பி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகும்போது என்னிடம் சொன்னார்: "ரீச்சர், முள்ளைப் பாத்துக்கொண்டு போங்கோ. விழுந்தால் உடனை நிப்பாட்டுங்கோ. ஒரு முழம்கூட ஓடக்கூடாது."

மீசாலை தாண்டி

கலியாணத்தன்று கார் குளித்துப் பூச்சூடி நின்றது. முன்னால் இவரும் நானும். பின்னால் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகக் குணம், பக்கத்தில் தோழன், மடியில் பலகாரப் பெட்டியோடு மச்சாள். எங்கள் ஆட்கள் பன்னிரண்டு சைக்கிள்களில் விடியவே முன்னால் போய்விட்டார்கள், கொடிகாமம் சந்தை தாண்டிக் காத்து நிற்பதாக ஏற்பாடு.

கோப்பாய் தாண்டினோம். கைதடி தாண்டினோம். இஞ்சின் வழமையைவிடச் சத்தமில்லாமல் ஓடியது. இவர் மெல்லிய குரலில் தேவாரம்கூடப் பாடினார். இவர் பாடுகிறார் என்றால் எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாவகச்சேரியில் முள்ளு கொஞ்சம் சரிந்தது. மீசாலையில் பாதிக்கு வந்தது. கொடிகாமம் சந்தையைக் கடந்து பெண் வீட்டுப் பக்கம் திரும்பவும், முள்ளு படுத்துவிட்டது. அடியில் டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"நிப்பாட்டுங்கோ."

"இன்னும் அரைக் கட்டைதான். முள்ளு பழு..."

நான் கையை நீட்டிக் கார்த் திறப்பைத் திருகி இஞ்சினை நிறுத்தினேன். கார் உருண்டு ஒரு வடலிப் பனைக்குப் பக்கத்தில் நின்றது. கொஞ்சம் முன்னால் காத்து நின்ற சைக்கிள்காரர் எங்களைக் கண்டு சைக்கிள்களைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். இவர் இறங்கிக் கம்பியை இழுத்தார். அதில் ஈரமே இல்லை. நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். சந்தைப் பக்கமிருந்து தெருவில் பொட்டுப் பொட்டாக எண்ணெய். அது கறுப்பாக இல்லை.

"என்ன விட்டனீங்கள்?"

இவர் கம்பியைத் துடைத்தார். இன்னொருக்காத் துடைத்தார்.

"நேற்றுப் பின்னேரம் மாத்தினனான்" என்றார். "உம்மடை தம்பியின்ரை கலியாணம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த கலியாணம். அவனைக் கழிவெண்ணெயிலை கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரேல்லை."

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் அடக்க முடியவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். விசர் மனிசன் என்றேன். முள்ளைவிட, யோசப் அண்ணையைவிட, என்னைவிட உங்களுக்கு எல்லாம் தெரியுமோ என்று கேட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் நல்ல மனதோடு செய்தது எனக்கு விளங்காமலில்லை. அதுதான் கோபத்தைக் கூட்டியது.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. அரைக் கட்டைக்கு அப்பால் மேளச் சத்தம் கேட்டது. நடந்து போனால் பெரியப்பா கலியாணத்தை நிறுத்துவார். இஞ்சினை இயக்கினால் கார் அந்த இடத்திலேயே இறுகிவிடும். மச்சாள் பலகாரப் பெட்டியைத் திறந்து ஒரு பயத்தம் பணியாரம் சாப்பிடத் தொடங்கினார். பதற்றம் வந்தால் அவருக்குப் பசிக்கும்.

பின் கதவு திறந்தது. குணம் இறங்கினான். தலைப்பாகையைக் கழற்றி என் கையில் தந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

"அத்தான், நீங்கள் ஸ்ரியறிங்கைப் பிடியுங்கோ."

"மாப்பிள்ளை கார் தள்ளுறதோ? ஆரும் கண்டால்?"

"காணட்டும்" என்றான். காரின் பின்னால் போய்க் கையை வைத்தான். சைக்கிள்காரரும் சைக்கிள்களை வேலியில் சாத்திவிட்டு வந்து கை கொடுத்தார்கள். எண்ணெய் பின்பக்கமெல்லாம் தெறித்து, புழுதியோடு சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. அவன் பாராமல் தள்ளினான். நான் பக்கத்தில் நடந்தேன். இந்த முறையும் போய்விடக் கூடாது, பிள்ளையாரே, போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

சத்தமில்லாத இஞ்சின்

பெண் வீட்டு ஒழுங்கை திரும்பும் முடக்கில் குணத்தைக் காரில் ஏற்றினோம். கையைப் பலகாரப் பெட்டி கட்டிய துணியில் துடைத்தான், முழுக்கப் போகவில்லை. தலைப்பாகையை நான் வைத்துவிட்டேன். எதிர்கொள்ள வந்த மேளக்காரரிடம் தோழன் ஓடிப்போய் ஏதோ சொன்னான். நாதஸ்வரமும் தவிலும் காது கிழிய முழங்கின. எங்கள் பன்னிரண்டு பேரும் இரண்டு பக்கமும் மரியாதைக்குக் கை வைத்து வருபவர்கள்போல் காரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்கள். ஏ-ஃபோர்ட்டி மெல்ல மெல்ல, கோயில் தேர்போல, பந்தலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

பெரியப்பா மாலையோடு நின்றார். காரை முன்னும் பின்னும் பார்த்தார். என் கணவரின் கையைப் பிடித்தார்.

"இதெல்லோ கார். நானும் எத்தினையோ கார் கண்டனான். இஞ்சின் ஓடுற சத்தமே கேக்கேல்லை."

"அது எண்ணெயிலை இருக்கு" என்றார் இவர். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். தாம்பாளத்துத் தண்ணீர் கறுத்தது. பையன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வழக்கப்படி மாப்பிள்ளை போட்டுவிடும் மோதிரம் கிடைத்ததும் பேசாமல் போய்விட்டான். தாலி ஏறியது. மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் நான் தோழியாகப் பெண்ணுக்குப் பின்னால் நின்று முடிச்சைப் போட்டேன். இரண்டாம் முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்துத் திரும்பவும் போட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னம் இந்திராணியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு மச்சாளாக நான் அவளோடு தனியே நின்றது அப்போதுதான். கையைப் பார்த்தேன். குணம் கைப்பிடித்த இடத்தில் உள்ளங்கை கறுத்து, மணிக்கட்டில் நாலு விரலும் அப்படியே பதிந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வழியிலை கொஞ்சம் காரைப் பாக்க வேண்டி வந்திட்டுது, அதுதான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் மச்சாள். விடிய எழும்பி முடக்கு வேலிக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். தூரத்திலை தள்ளிக்கொண்டு வரேக்கையே கண்டிட்டன்."

அவள் தானாகச் சொன்னாள்.

"எனக்கு முந்தி ரெண்டு பேர் பேசினவை. ரெண்டு பேரும் வெளிநாடு. ஒருத்தருக்கு நாலு வருசம், மற்றவருக்கு மூண்டு வருசம் காத்துக்கொண்டு இருந்தனான். பிளேன் ரிக்கற் போட்டாச்சு எண்டு கடிதம் வரும். ஆள் வரமாட்டார். இண்டைக்கும் நேரம் போகப் போக, இதுவும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டன். சோடினையைக் கழட்டி வைக்கலாம் எண்டுகூட நினைச்சன். அப்பதான் பாத்தன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டு வாறார்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். முகத்தைத் துடைத்துவிட்டு, துலாவை இழுத்துத் தண்ணீர் மொண்டேன். சவுக்காரம் இல்லை. தேசிக்காய்த் தோலும் சாம்பலும் வைத்து உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் மச்சாள்" என்றாள்.